தொழிலாளர்க்கு அறிவுக் கதவு திறந்த டாக்டர் ஜோர்ஜ் பேர்க்பெக்

இலண்டன் மாநகரின் நடுவே, புளூம்ஸ்பரி என்னும் பகுதியில், பகலெல்லாம் தொழில் செய்வோர் மாலையிற் சென்று கற்பதற்கெனப் பெயர்பெற்ற கல்லூரி ஒன்று உண்டு. பேர்க்பெக் என்பது அதன் பெயர். பெயரை நம்மிற் பலர் அறிவோம். அப்பெயருக்குரிய மனிதரை அறிந்தோர் சிலரே. வார இறுதியில் விளையாட்டையும் ஓய்வையும் விட்டுத் தமிழ் கற்க வரும் மாணவர்களும், வேலைக்கும் வீட்டுக்கும் இடையே நேரம் தேடி அவர்களை அழைத்து வரும் பெற்றோரும் அறியவேண்டிய வாழ்க்கை அவருடையது. ஆதலால், அதனை இம்மலரிற் சுருக்கமாகக் கூற முற்படுகின்றோம்.

ஜோர்ஜ் பேர்க்பெக் 1776ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10ஆம் நாள், வட இங்கிலாந்தின் யோக்ஷயர் பகுதியிலுள்ள செற்றில் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் வணிகரும் வங்கியாளருமாவார். குடும்பத்தினர் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். எடின்பரோவில் மருத்துவம் பயின்ற பேர்க்பெக், 1799இல் வைத்தியப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில், தமது 23ஆவது வயதில், கிளாஸ்கோ நகரின் அன்டர்சன் கல்வி நிலையத்திற் பேராசிரியரானார். 1796இற் காலமான ஜோன் அன்டர்சன் என்னும் பேராசிரியரின் மரணசாதனத்தின்படி நிறுவப்பட்ட நிலையம் அது. அங்கே பேர்க்பெக் கற்பித்த பாடத்தை நாம் இன்று பௌதிகவியல் என்போம்.

அக்காலக் கிளாஸ்கோவின் நிலையை முதலில் அறிதல் வேண்டும். நீராவியைத் தனிக்கலத்திற் குளிரச் செய்து இயந்திரத்தின் வலிமையைப் பெருக்கும் வழி, 1765இல் ஜேம்ஸ் வாட்டின் சிந்தையில் உதித்தது இந்நகரிலேயாகும். அக்கண்டுபிடிப்புக்கு அவர் பெற்றிருந்த தனியுரிமை 1800ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதன்பின் நீராவி இயந்திரத்தை எவரும் தடையின்றிச் செய்யலாம் என்ற நிலை பிறந்தது. மரத்தால் நீர்ச்சில்லு அமைத்துப் பழகிய கைவினைஞனின் முன்னே இரும்பும் நெருப்பும் ஆவியும் கலந்த புதுப்பொறி வந்து நின்றது. தந்தையிடம் கற்ற தொழில் அதனைப் பழுதுபார்க்கப் போதவில்லை. ஆவி ஏன் அழுத்துகிறது, குளிர்ந்தால் ஏன் வெற்றிடம் உண்டாகிறது என்பதைச் சொல்லிக் கொடுப்போர் அவனுக்கு அரியராயிருந்தனர். அவ்வறிவு பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது.

பேர்க்பெக் தம் வகுப்புக்கு வேண்டிய கருவிகளை உள்ளூர்க் கைவினைஞரைக் கொண்டே செய்விக்க வேண்டியவரானார். தகரவேலை செய்யும் பட்டறை ஒன்றுக்கு அவர் சென்றபோது, நீரிறைக்கும் பொறியின் மாதிரி ஒன்று அங்கே உருவாகிக் கொண்டிருந்தது. தொழிலாளர் அதனைச் சூழ்ந்து நின்று, அது எவ்வாறு இயங்கும், எதற்குப் பயன்படும் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் கேட்டனர். கருவியைத் தம் கையாற் செய்யத் தெரிந்தவர்க்கு அதன் தத்துவம் மறைபொருளாயிருப்பதைக் கண்டு இளம் பேராசிரியரின் உள்ளம் நெகிழ்ந்தது. கரிபடிந்த முகங்களிலே அவர் கண்டது அறியாமையன்று; அறிவுப்பசியே.

தொழிலாளர்க்கு இலவசமாக வகுப்பு நடத்தலாம் என்று அவர் சொன்னபோது பலர் நகைத்தனர். அவர்கள் வகுப்பை நாடமாட்டார்கள் என்றும், நாடினாலும் ஒன்றும் விளங்காது என்றும் கூறினர். ஆயினும் 1800ஆம் ஆண்டில் வகுப்பு தொடங்கிற்று. முதல் நாள் 75 பேர் வந்தனர். இரண்டாம் முறை 200 பேர்; மூன்றாம் முறை 300 பேர்; நான்காம் முறை 500 பேர் கூடினர். மாதிரிகளையும் பரிசோதனைகளையும் கண்முன் காட்டி, எளிய மொழியில் அவர் விளக்கினார். நகைத்தோர்க்கு அத்தொகையே விடையாயிற்று.

1804இற் பேர்க்பெக் கிளாஸ்கோவை விட்டகன்றார். பின்னர் இலண்டனிற் குடியேறி வைத்தியத் தொழிலிற் சிறப்புற்றார். அவர் தொடங்கிய வகுப்பு அவருக்குப் பின்னும் நடைபெற்றது.

இதனிடையே நாட்டில் ஒரு பெருங்கொந்தளிப்பு எழுந்தது. 1811ஆம் ஆண்டு தொடக்கம், நொட்டிங்காம் முதலிய பகுதிகளிலே, தம் பிழைப்பைப் பறித்தன என்று எண்ணிய தொழிலாளர் பொறிகளை இரவில் உடைத்தெறிந்தனர். லடைற்றுகள் என்று அவர்களை வரலாறு கூறும். பொறியை உடைத்தோர்க்கு மரணதண்டனை விதிக்கும் சட்டம் 1812இல் இயற்றப்பட்டது. பசித்தவன் கேட்டது சோறு. அரசு காட்டியது தூக்குக்கயிறு. பொறியின் வரவைச் சம்மட்டியால் தடுக்கவும் இயலவில்லை. மனிதனின் துயரைத் தண்டனையால் துடைக்கவும் இயலவில்லை. இவ்விரண்டுக்கும் புறம்பாகப் பேர்க்பெக் நம்பிய வழி, பொறியை ஆளும் அறிவைத் தொழிலாளியின் கையிற் கொடுப்பதாகும்.

1823இல் தொழிலாளர்க்கான வார இதழ் ஒன்றை நடத்திய ரொபேட்சன், ஹொட்ஸ்கின் ஆகிய இருவரும், இலண்டனிலும் கைவினைஞர் கல்விக்கழகம் வேண்டும் என்று எழுதினர். பேர்க்பெக் உடனே கைகொடுத்தார். அவ்வாண்டு நவம்பர் 11ஆம் நாள் நடந்த கூட்டத்திற்கு ஏறக்குறைய 2,000 பேர் திரண்டனர். டிசம்பரிற் கழகம் அமைந்தது, பேர்க்பெக் தலைவரானார். செல்வரிடம் பொருள் பெற்றால் கழகம் அவர்கள் வசமாகிவிடும் என்று ஹொட்ஸ்கின் அஞ்சினார். அவ்வச்சம் வீணானதன்று. நன்கொடை ஏற்கப்பட்டதாயினும், நிர்வாகக் குழுவில் மூன்றில் இரு பங்கினர் தொழிலாளராயிருத்தல் வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. விரிவுரை மண்டபம் கட்டுவதற்குப் பேர்க்பெக் தாமே 3,700 பவுண் கடனாகக் கொடுத்தார். கணிதம், வரைதல், இரசாயனம், பொறியியல் முதலியன அங்கு கற்பிக்கப்பட்டன. நூலகமும் அமைந்தது. 1830இற் பெண்களுக்கும் கதவு திறக்கப்பட்டது. இத்தகைய கழகங்கள் பிரித்தானியாவெங்கும் பரவின. கடல் கடந்து அவுஸ்திரேலியாவின் ஹோபாட் நகரிலும் 1827இல் ஒன்று தோன்றிற்று.

எல்லாம் இனிதே நிறைவேறின என்று நாம் எழுதினால் அது முழு உண்மையாகாது. பன்னிரண்டு மணி நேரம் உழைத்துக் களைத்தவனுக்கு இரவு வகுப்பில் விழித்திருப்பதே பெரும்பாடு. எழுத்தறியாதவனுக்கு விரிவுரை எட்டாக்கனி. நாளடைவிற் பல கழகங்களிலே தொழிலாளரைவிட எழுதுவினைஞரும் கடைக்காரருமே மிகுந்தனர். கைத்தறி நெசவாளர் போன்றோரின் வறுமையை எந்த வகுப்பும் நீக்கவில்லை. கல்வி மட்டும் போதாது. கற்பதற்கு ஓய்வும், கற்கும் காலத்தில் உண்ண உணவும், சிறுவயதில் அடிப்படைப் பள்ளியும் வேண்டும் என்னும் பாடத்தையும் இவ்வரலாறே நமக்குத் தருகின்றது.

பேர்க்பெக் 1841ஆம் ஆண்டு டிசம்பர் முதலாம் நாள் காலமானார். அவர் தலைமை தாங்கிய கழகம் 1866இல் அவர் பெயரைத் தாங்கிற்று; 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கல்லூரியாயிற்று. அவர் முதலிற் கற்பித்த கிளாஸ்கோ நிலையம் வளர்ந்து, 1964இல் ஸ்ராத்கிளைட் பல்கலைக்கழகமாயிற்று.

அன்பார்ந்த மாணவர்களே! நீராவி போய் மின்சாரம் வந்தது. பின்னர் கணினி வந்தது. இன்று மனிதரைப் போல எழுதவும் பேசவும் வல்ல பொறிகளும் வந்துவிட்டன. ஒருமுறை கற்ற தொழில் ஆயுள் முழுவதும் சோறிடும் என்ற காலம் மலையேறிவிட்டது. நம் பெற்றோரிற் பலர் இதனை ஏட்டில் அன்றி வாழ்விலே கற்றவர்கள். ஊரிற் செய்த தொழிலுக்கு இங்கு இடமின்றி, நடுவயதிலே புதுமொழியையும் புதுத்தொழிலையும் மாலை வகுப்புகளிற் பயின்றவர்கள் அவர்களுள் உளர். இம்மலரை மூடிவைத்தபின், இந்நாட்டுக்கு வந்து எத்தனை தொழில்களைப் புதிதாகக் கற்றீர்கள் என்று உங்கள் தாய் தந்தையரிடம் கேளுங்கள். அவர்கள் கூறும் விடையைப் பொறுமையோடு கேட்டால், பட்டறையிற் பேர்க்பெக் கண்ட அந்த முகங்களை நீங்களும் காண்பீர்கள்.