கடலுக்குள் கேமரா கொண்டுபோனவர்

குழந்தைகளே, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு பென்சிலைச் சாய்வாகப் போட்டுப் பாருங்கள். பென்சில் ஒடிந்தது போலத் தெரியும். பக்கத்தில் இருந்து பார்த்தால் தடித்தும் தெரியும். தண்ணீர் நம் கண்ணை ஏமாற்றுகிறது அல்லவா? கேமராவையும் அது அப்படித்தான் ஏமாற்றும். அந்த ஏமாற்று வேலையோடு ஆயுள் முழுக்க மல்லுக்கு நின்ற ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். அவர் பெயர் ஜாக் கூஸ்டோ.

பிரான்ஸ் நாட்டில், போர்தோ நகரத்துக்கு அருகில் உள்ள செயின்ட் ஆந்த்ரே என்ற ஊரில் 1910-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் பிறந்தார். சின்ன வயதில் நோஞ்சான் பிள்ளை. ஆனால், நீச்சலில் கொள்ளை ஆசை. பத்து வயது வாக்கில் அமெரிக்காவில் ஒரு கோடை முகாமில் தங்கியிருந்தபோது, ஏரிக்கடியில் கிடந்த மரக்கிளைகளை முங்கி முங்கி எடுக்கும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். அந்த வேலை அவருக்கு ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. பதின்மூன்று வயதில், சேர்த்து வைத்த காசில் ஒரு சின்ன சினிமா கேமரா வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிவிட்டு, மறுபடியும் பூட்டினார்!

படிப்பில் அவ்வளவு சுகமில்லை. பள்ளிக்கூடத்து ஜன்னல் கண்ணாடிகளை உடைத்து, வெளியே அனுப்பப்பட்ட கதையும் உண்டு. (இதை மட்டும் நீங்கள் பின்பற்ற வேண்டாம்!) பிறகு ஒரு விடுதிப் பள்ளியில் சேர்ந்து ஒழுங்காகப் படித்து, 1930-இல் கடற்படைப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார்.

அவருடைய ஆசை கடல் அல்ல, ஆகாயம்! விமானி ஆக வேண்டும் என்று பயிற்சி பெற்று வந்தார். 1936-இல் ஓர் இரவு, மலைப்பாதையில் கார் ஓட்டிப் போனபோது பெரும் விபத்து. இரண்டு கைகளும் முறிந்தன. வலது கை பல மாதம் அசையவே இல்லை. விமானி ஆகும் கனவு அதோடு முடிந்தது. கைக்குத் தெம்பு வர வேண்டுமே என்று, தூலோன் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடலில் தினமும் நீந்தினார். அப்போது பிலிப் தாயே என்ற நண்பர், தண்ணீருக்குள் பார்க்க உதவும் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு கூஸ்டோ தலையைத் தண்ணீருக்குள் விட்டார். மேலே டிராம் வண்டியும் வீடுகளும். கீழே பாசியும் மீன் கூட்டமும். இவ்வளவும் இத்தனை நாள் காலடியிலேயே இருந்திருக்கிறதே என்று அசந்து போனார்.

பார்த்ததை மற்றவர்களுக்குக் காட்டுவது எப்படி? அங்கேதான் கேமரா வந்தது. கூடவே தொல்லையும் வந்தது!

கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும், காற்று மண்டலம் நம்மை அழுத்தும் அளவுக்கு இன்னொரு பங்கு அழுத்தம் கூடும். நாற்பது மீட்டரில் ஐந்து பங்கு! கேமராவைப் பூட்டிய பெட்டியில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் தண்ணீர் பீய்ச்சி அடித்து உள்ளே வந்துவிடும். கூஸ்டோவிடம் பழைய கேமரா ஒன்று இருந்தது. லியோன் வேஷ் என்ற கடற்படை இயந்திரத் தொழிலாளி அதற்குத் தண்ணீர் புகாத பெட்டி செய்து கொடுத்தார். கேமரா ரெடி. பிலிம்? அது இரண்டாம் உலகப் போர்க் காலம். சினிமா பிலிம் கிடைக்கவில்லை. புகைப்படக் கேமராவுக்கான சின்னச் சின்னச் சுருள்களை வாங்கி, கம்பளிப் போர்வைக்குள் புகுந்துகொண்டு, இருட்டிலேயே தடவித் தடவி அவரும் மனைவி சிமோனும் ஒன்றோடு ஒன்று ஒட்டினார்கள்.

இப்படி எடுத்ததுதான் 'பதினெட்டு மீட்டர் ஆழத்தில்' என்ற குறும்படம். 1942-இல் எடுத்தது. அந்தப் படம் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டே எடுத்தது! ஒரு முறை முங்கினால் ஓரிரண்டு நிமிடம். அதற்குள் மீனைத் தேடி, கேமராவைத் திருப்பி, படம் பிடித்து, மேலே வர வேண்டும்.

மூச்சுப் பிரச்னைக்கு எமீல் காஞான் என்ற பொறியாளரோடு சேர்ந்து வழி கண்டார். பெட்ரோல் தட்டுப்பாட்டால் எரிவாயுவில் ஓடிய கார்களுக்காகக் காஞான் ஒரு வால்வு செய்திருந்தார். அதையே மாற்றி, மூச்சு இழுக்கும்போது மட்டும் காற்று வருமாறு செய்தார்கள். 1943 ஜனவரியில் மார்ன் ஆற்றில் சோதித்தபோது, படுத்தவாக்கில் நீந்தினால் நன்றாக வேலை செய்தது. நிமிர்ந்தால் காற்று வீணாக வெளியேறியது! வெளியேறும் குழாயை உள்வரும் குழாய்க்குச் சமமான உயரத்தில் வைத்ததும் கோளாறு தீர்ந்தது. அதுதான் 'அக்வாலங்'.

இப்போது நேரம் கிடைத்துவிட்டது. ஆனாலும் ஒரு சங்கடம் பாக்கி. கேமராவில் கண்ணை வைத்துத்தானே படம் எடுப்போம்? தண்ணீருக்குள் முகத்தில் கண்ணாடிக் கவசம். கேமராவைச் சுற்றியோ பெட்டி. கண் எப்படி அருகில் போகும்? அதனால் அந்தக் காலத்தில் பெட்டியின் மேல் ஒரு கம்பிச் சட்டத்தைப் பொருத்தி, அதன் வழியாகக் குறி பார்ப்பார்கள். சட்டம் மேலே, லென்ஸ் கீழே! பக்கத்தில் இருக்கும் மீனை எடுத்தால் தலை அறுந்து போகும். போதாக்குறைக்கு, தண்ணீரில் எல்லாம் கால் பங்கு கிட்டத்தில் இருப்பது போலத் தெரியும். ஆழம் போகப் போகச் சிவப்பு நிறமும் மறைந்துவிடும். அடிபட்ட மீனின் ரத்தம்கூடப் பச்சையாகத் தெரியுமாம். கரைக்கு வந்து பிலிமைக் கழுவிப் பார்க்கும் வரை என்ன விழுந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

1950-இல் கூஸ்டோவுக்குக் 'கலிப்சோ' கிடைத்தது. கண்ணிவெடி அகற்றும் பழைய கப்பல். ஒரு செல்வந்தர் அதை வாங்கி, ஆண்டுக்கு ஒரே ஒரு பிராங்க் வாடகைக்குக் கொடுத்தார். கப்பலின் மூக்கில், நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னல்கள் உள்ள ஒரு சின்ன அறையை அமைத்தார்கள். நனையாமலே மீன் பார்க்கலாம்!

1952-இல் மார்சேய் நகருக்கு அருகே, கிராண்ட் காங்லுவே என்ற பாறைத் தீவின் அடியில், நாற்பது மீட்டருக்கும் கீழே, பழங்காலக் கப்பல் ஒன்று கிடப்பது தெரிந்தது. ஆயிரக்கணக்கான மண் ஜாடிகள். மது ஏற்றிச் சென்ற கப்பல். ஆபத்தான வேலை. அந்த ஆழத்தில் ஒருவர் கால்மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் இருக்க முடியும். அந்த ஆண்டே, குழுவில் இருந்த ஓர் இளைஞர் ஆழத்தில் உயிரிழந்தார். ஆராய்ச்சியை நடத்தியவர் பெர்னான் பெனுவா என்ற தொல்லியல் அறிஞர். அவரோ தண்ணீருக்குள் இறங்காதவர். ஜாடி எங்கே, எப்படிக் கிடக்கிறது என்று அவருக்கு எப்படிக் காட்டுவது?

டெலிவிஷன்! தண்ணீர் புகாத பெட்டியில் டிவி கேமராவை வைத்து, விளக்கோடு கீழே கொண்டுபோனார்கள். அங்கிருந்து நீண்ட கேபிள் மேலே வந்தது. கப்பலில் உட்கார்ந்தபடி பெனுவா திரையில் கடலடியைப் பார்த்தார். இதில் கூஸ்டோ முதல்வர் அல்ல. 1951-இல் மூழ்கிய 'அஃப்ரே' என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பலையும் டிவி கேமராவால்தான் அடையாளம் கண்டார்கள். ஆனால், ஓர் அகழாய்வை அறிஞர் திரையில் பார்ப்பது அன்றைக்குப் புதுமைதான்.

இன்றைக்கு அந்தத் திரை, நீந்துகிறவரின் கைக்கே வந்துவிட்டது. கேமராப் பெட்டியின் தலையில், தனிப் பெட்டிக்குள் ஒரு குட்டி மானிட்டரைப் பூட்டுகிறார்கள். லென்ஸ் பார்ப்பதே அதில் தெரியும். தலை அறுந்த மீன் இனி இல்லை! எந்தத் திரையானாலும் சரி என்று வாங்கிவிட முடியாது. ஆழம் குறைந்த இடத்தில் வெயில் பட்டால் படம் வெளுத்துவிடும். ஆகவே முதலில் பளிச்சென்ற வெளிச்சம் உள்ளதா என்று பார்ப்பார்கள். மேலே நிழலுக்கு ஒரு மறைப்பும் வைப்பார்கள். பெரிய திரை ஆசையாகத்தான் இருக்கும். ஆனால், பெட்டிக்குள் காற்று அதிகமானால் அது மேலே இழுக்கும். கனம் அதிகமானால் கீழே இழுக்கும். இரண்டிலும் கேமரா சாய்ந்து கை வலிக்கும். மிதவையோ ஈயத்துண்டோ சேர்த்து, விட்ட இடத்தில் அப்படியே நிற்கும்படி சரிக்கட்டுவார்கள். உருண்டை மூட்டு உள்ள கை ஒன்றில் பொருத்தினால், நம் தோள்மூட்டு போல எந்தப் பக்கமும் திருப்பலாம். கேபிள் நுழையும் துளையில் உள்ள ரப்பர் வளையத்தைத் துடைத்து, ஒரு தலைமுடிகூட ஒட்டாமல் பார்த்த பிறகே இறங்குவார்கள். அன்று வேஷ் பட்ட அதே கவலை!

1956-இல் 'மௌன உலகம்' என்ற கூஸ்டோவின் வண்ணப்படம் வெளிவந்து, கான் திரைப்பட விழாவின் உயரிய பரிசையும், பிறகு ஆஸ்கர் விருதையும் பெற்றது. ஆனால் குழந்தைகளே, அந்தப் படத்தைப் பார்த்தால் உங்களுக்குக் கோபமும் வரும். மீன்களை எண்ணுவதற்காகப் பவளப்பாறையில் வெடி வைக்கிறார்கள். சுறாக்களை அடித்துக் கொல்கிறார்கள். பிற்காலத்தில் கடலைக் காக்கப் போராடியவரும் இதே கூஸ்டோதான். 1960-இல் அணுக்கழிவை மத்தியதரைக் கடலில் கொட்டப் போனபோது எதிர்த்துக் குரல் எழுப்பினார்.

அந்த மதுக் கப்பல் என்ன ஆயிற்று? 1980-களில் ஓர் ஆராய்ச்சியாளர் பழைய குறிப்புகளையும் ஜாடிகளையும் மறுபடி ஆராய்ந்தார். அங்கே கிடந்தது ஒரு கப்பல் அல்ல, இரண்டு! கி.மு. 200 வாக்கில் மூழ்கியது ஒன்று. ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து அதன் மேலேயே வந்து விழுந்தது இன்னொன்று. பெனுவா ஒரே கப்பல் என்றுதான் நம்பியிருந்தார். திரையில் ஜாடிகள் தெரிந்தன. எது எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியவில்லை.

1996 ஜனவரியில் சிங்கப்பூர் துறைமுகத்தில் ஒரு படகு மோதிக் கலிப்சோவும் மூழ்கியது. அதைத் தூக்கி எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 25-ஆம் நாள், 87-ஆம் வயதில் கூஸ்டோ பாரிஸில் காலமானார். பிறந்த ஊரிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.