தாகம் தீர்த்த ஜுபைதா அம்மையார்

அப்பாஸிய கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியாரான ஜுபைதா அம்மையாரை, அரண்மனைச் செல்வத்திற்காக அன்றி, தண்ணீருக்காகவே நாம் நினைவுகூர்கிறோம். பயிர் விளையாப் பள்ளத்தாக்கில் அமைந்த சிறு நகரமான மக்காவில், ஹாஜிகள் திரளும் நாட்களில் ஒரு தோல்பை நீர் ஒரு தீனாருக்கு விற்றதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அம்மையார் ஹுனைனிலிருந்து மக்காவுக்கும், நுஃமான் பள்ளத்தாக்கிலிருந்து அரஃபாவுக்கும் பாறை குடைந்து வாய்க்கால் அமைத்தார்கள். செலவு 17 இலட்சம் தீனார் என்பர். கூஃபாவிலிருந்து வரும் ஹஜ் பாதையிலும் குளங்கள், கிணறுகள் தோண்டுவித்தார்கள். ஹிஜ்ரி 216இல் (கி.பி. 831) மறைந்தார்கள்.

வெட்டியதோடு வேலை முடியவில்லை. வெள்ளம் வரும்போதெல்லாம் வாய்க்கால் மண்மூடியது. பள்ளி ஹவ்ளைத் தூர்வாரிய நம்மவர்கள் அந்தப் பாட்டை அறிவர். பின்வந்தோர் பலமுறை பழுது பார்த்தனர். 16ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமாஹின் பொருளுதவியால் நுஃமான் நீர் மக்கா நகருக்குள்ளும் வந்தது. 20ஆம் நூற்றாண்டிலும் மக்காவாசிகள் அதை அருந்தினர்.