பட்டம் இல்லாமல் சூரியனைப் படித்தவர்

உயர்தரப் பெறுபேறு வரும் நாட்களில் எங்கள் வீடுகளில் வெட்டுப்புள்ளியைத் தவிர வேறு பேச்சில்லை. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் விஞ்ஞானமே இல்லை என்று அஞ்சும் தோழிகளுக்காக ஜோன் எவர்ஷெட்டைப் பற்றி எழுதுகிறேன்.

1864 இல் இங்கிலாந்தில் பிறந்த அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெறவில்லை. இரசாயன நிறுவனமொன்றில் வேலை செய்துகொண்டே ஓய்வு நேரத்தில் சூரியனை அவதானித்தார். 1898 இல் சூரிய கிரகணம் பார்க்க இந்தியா வந்தார். 1907 இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் பணியேற்றார். அவருடைய மனைவி மேரியும் வானியல் கற்றவர்.

சூரியப் புள்ளிகளில் வாயு சூறாவளி போலச் சுழல்கிறது என்று அக்காலத்தில் பலர் எண்ணினர். 1909 ஜனவரியில் எவர்ஷெட் ஒரு புள்ளியின் திருசியத்தைப் படமெடுத்தார். கோடுகள் சற்று விலகியிருந்தன. நாம் வகுப்பில் படிக்கும் தொப்ளர் விளைவுதான் அது. வாயு சுழலவில்லை, புள்ளியின் நடுப்பக்கமிருந்து வெளிநோக்கி, செக்கனுக்கு ஏறத்தாழ 2 கிலோமீற்றர் வேகத்தில் பாய்ந்தது. இன்று அது ‘எவர்ஷெட் விளைவு’ எனப்படுகிறது. புள்ளிகளின் அருகே எழும் தீநாக்குகளைப் பற்றி மேரி 1913 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

புள்ளிகளில் வலிய காந்தப்புலம் உண்டு என்பதை 1908 இல் அமெரிக்காவில் ஹேல் கண்டறிந்திருந்தார். அந்தப் புலக்கோடுகள் முறுக்கேறி, எதிரெதிராகச் சந்தித்து, அறுந்து மீண்டும் இணையும்போது சூரியச் சுவாலை வெடிக்கிறது. அங்கு உண்டாகும் மின்புலம் இலத்திரன்களையும் புரோத்தன்களையும் தள்ளுகிறது. சுருங்கும் காந்த வளையங்களுக்குள்ளும் அவை முன்னும் பின்னும் மோதுகின்றன. எதிரே வரும் மட்டையில் பட்ட பந்து இன்னும் வேகமாகத் திரும்புவதுபோல, ஒவ்வொரு மோதலிலும் அவற்றின் சக்தி கூடுகிறது. சில துணிக்கைகள் ஒளியின் வேகத்தை நெருங்கிவிடுகின்றன. சுவாலையின் எக்ஸ் கதிர்கள் எட்டு நிமிடத்தில் பூமிக்கு வந்து சிற்றலை வானொலியைக் குழப்பும். கரையோடு வானொலியில் பேசும் திருகோணமலை நெடுநாள் படகுகளுக்கும் இது சம்பந்தமில்லாத செய்தியன்று.

எவர்ஷெட் 1911 இல் ஆய்வகத்தின் பணிப்பாளரானார். 1915 இல் இலண்டன் ரோயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. 1923 இல் ஓய்வுபெற்று ஊர் திரும்பியும் சொந்த ஆய்வகம் அமைத்துச் சூரியனைப் பார்த்தார். 1956 இல், 92 ஆவது வயதில் காலமானார்.

பெற்றோரே, வெட்டுப்புள்ளி ஒரு கதவைத்தான் மூடும். பார்க்கும் கண்ணையும் கணிக்கும் கையையும் அது பறிப்பதில்லை.