தோளில் ஸ்பேர் டயர், கையில் சுத்தியல்... யார் இந்த யூஜின் கிறிஸ்டோஃப்?

100 வருஷத்துக்கு முந்தைய டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய போட்டோக்களில் வீரர்கள் தோளில் டயர் மாட்டியிருப்பார்கள். அது ஸ்டைலுக்காக இல்லை. உள்ளே டியூப் வைத்துத் தைத்த 'டியூபுலர்' டயர் பஞ்சரானால், வழியில் ஒட்டிக்கொண்டிருக்க நேரமிருக்காது; கழற்றிவிட்டு வேறு டயர் மாட்டணும். பிறர் உதவினால் அபராதம்!

இந்த விதியில் சிக்கியவர் பிரான்ஸின் கிறிஸ்டோஃப் (1885-1970). 1913ல் டூர்மலே மலையிறக்கத்தில், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உடைந்தது. டயருக்கு ஸ்பேர் இருக்கு, ஃபோர்க்குக்கு? சைக்கிளோடு 10 கி.மீ.க்கு மேல் நடந்தார். கொல்லன் பட்டறையில் தானே அடித்துச் சரிசெய்தார். துருத்தி ஊதியது ஒரு சிறுவன், அதற்கும் அபராதம்!

1919ல் டூரின் முதல் மஞ்சள் ஜெர்சி அணிந்தவரும் இவரே. அப்பவும் ஃபோர்க் உடைந்தது. கடைசிவரை டூரை அவர் ஜெயிக்கவே இல்லை.