ராக்கெட்டுக்கு எண்ணிக்கை சொன்ன சினிமா டைரக்டர்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில் நாங்குநேரி, வள்ளியூர் தாண்டிப் பணகுடியை நெருங்கினால், மேற்கே மகேந்திரகிரி மலை கம்பீரமாக நிற்கும். அனுமார் கடலைத் தாண்டி இலங்கைக்குப் பாய்ந்தது இந்த மலையிலிருந்துதான் என்பது அந்தப் பக்கத்து ஐதிகம். அதன் அடிவாரத்தில் இன்று ராக்கெட் எஞ்சின்களை எரியவிட்டுப் பரீட்சை செய்கிறார்கள். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் உந்துவிசை வளாகம் அங்கேதான் இருக்கிறது.

ராக்கெட் கிளம்புவதற்கு முன் பத்து, ஒன்பது, எட்டு என்று தலைகீழாக எண்ணுவதை எல்லோரும் கேட்டிருப்போம். இந்த வழக்கத்தை உலகத்துக்கு முதலில் காட்டியவர் விஞ்ஞானி அல்ல. ஒரு சினிமா டைரக்டர்! அதைக் காட்டியபோது உலகில் எந்த ராக்கெட்டும் ஆகாயத்தின் எல்லையைக்கூடத் தொட்டதில்லை. அவரிடம் இருந்தது ஒரு பொம்மை ராக்கெட்தான். ஆனால் அந்தப் பொம்மையைக் கண்டு ஒரு சர்க்கார் மிரண்ட கதையும் உண்டு.

அந்த டைரக்டரின் பெயர் பிரிட்ஸ் லாங்.

கட்டடக்காரர் மகன்

1890 டிசம்பர் 5-ந் தேதி ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் லாங் பிறந்தார். தகப்பனார் கட்டடக் கலைஞர். மகனும் அதே தொழிலுக்கு வரவேண்டும் என்பது அவர் ஆசை. பையன் என்ஜினீயரிங் படிக்கச் சேர்ந்தான்; ஆனால் மனம் ஓவியத்தில் ஓடியது. வீட்டை விட்டுக் கிளம்பி ஊர் ஊராகச் சுற்றி, பாரிஸ் நகரில் படம் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தபோது 1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது.

ஊர் திரும்பி ராணுவத்தில் சேர்ந்தார். போர்முனையில் பலத்த காயம்; ஒரு கண்ணும் பழுதுபட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நாட்களில் பொழுது போக்கச் சினிமாக் கதைகள் எழுத ஆரம்பித்தார். கதைகள் விலை போயின. யுத்தம் முடிந்ததும் பெர்லின் நகரம் சென்று படமுதலாளி எரிக் பொம்மரிடம் சேர்ந்தார். கதாசிரியை தியா வான் ஹார்பூவை 1922-ல் மணந்தார். மனைவி கதை எழுதுவார், கணவர் படமாக்குவார்.

கட்டடக்காரர் மகன் அல்லவா? 1924-ல் வெளிவந்த பழங்கதைப் படத்துக்காக ஒரு பிரம்மாண்டமான டிராகனைச் செய்து, உள்ளே ஆட்களை உட்காரவைத்து இயக்கினார். அது தலையை ஆட்டியது, புகை கக்கியது. பேசும் படம் வராத காலத்தில் ஜனங்கள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

கண்ணாடிக்குள் ஒரு நகரம்

1924-ல் லாங் அமெரிக்காவுக்குப் போனார். நியூயார்க்கின் வானளாவிய கட்டடங்களையும் இரவு விளக்குகளையும் கண்டு பிரமித்தார். அந்தப் பிரமிப்பின் சாயல் படிந்த படம் ‘மெட்ரோபோலிஸ்’. வருங்கால நகரம் ஒன்றில் மேலே செல்வந்தர்கள் சுகமாக வாழ, பூமிக்கு அடியில் தொழிலாளர்கள் யந்திரங்களோடு மல்லாடும் கதை.

அந்த நகரத்தை எங்கே போய்த் தேடுவது? செய்தாகவேண்டும். கோபுரம் கோபுரமாகச் சின்னஞ்சிறு கட்டடங்கள் எழும்பின. பாலங்களில் விளையாட்டுக் கார்களை வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொரு காரையும் இம்மியளவு நகர்த்தி ஒரு படம், மறுபடியும் நகர்த்தி இன்னொரு படம் என்று எடுத்தார்கள். பல நாள் பட்ட பாடு திரையில் சில விநாடிகளில் ஓடி மறையும்.

இந்தக் குட்டி நகரத்துக்குள் மனிதர்களை எப்படி நடமாட விடுவது? ஒளிப்பதிவு நிபுணர் ஷுப்டான் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். காமிராவுக்கு முன்னால் நிலைக்கண்ணாடியைச் சாய்வாக நிறுத்தினார். கண்ணாடியில் மாதிரிக் கட்டடம் பிரதிபலிக்கும். நடிகர் தெரியவேண்டிய இடத்தில் மட்டும் பின்புறத்து ரசத்தைச் சுரண்டிவிட்டார். அந்த ஓட்டை வழியே தூரத்தில் நிற்கும் நடிகர் தெரிந்தார். இரண்டும் ஒரே படத்தில் விழுந்தபோது, ஆளுயரமே இல்லாத கட்டடத்தின் அடியில் மனிதர்கள் எறும்பாகத் தெரிந்தார்கள்!

படத்தின் உச்சம் யந்திரப் பெண். சிற்பி வால்டர் ஷுல்ஸே மிட்டன்டார்ப், நடிகை பிரிகிட் ஹெல்மின் உடலைச் சாந்தில் அச்செடுத்து, அதன்மேல் மரக்கூழ் போன்ற பொருளைப் படியவைத்துக் கவசமாக வார்த்தார். மேலே வெள்ளிப் பூச்சு. பார்த்தவர்கள் அசல் உலோகம் என்றே நம்பினார்கள். ஆனால் கவசத்துக்குள் புழுங்கித் தவித்தவர் அந்த இளம் நடிகைதான். லாங் ஒரு காட்சி சரியாக அமையும்வரை யாரையும் விடமாட்டார். அவர் கண்டிப்புக்கு நடிகர்கள் நடுங்குவார்கள்.

பதினேழு மாதம் படப்பிடிப்பு. ஐம்பது லட்சம் மார்க்குக்கு மேல் செலவு. 1927 ஜனவரியில் வெளிவந்த படம் போட்ட பணத்தை எடுக்கவில்லை. ஊபா கம்பெனி ஆட்டம் கண்டது. படத்தை வெட்டிக் குறைத்தார்கள். வெட்டிய பகுதிகள் காணாமற் போயின.

சந்திர மண்டலத்துக்கு ஒரு ரதம்

வேறொருவராக இருந்தால் ஒதுங்கியிருப்பார். லாங் சந்திரனைப் பார்த்தார். மனைவி எழுதிய சந்திர யாத்திரைக் கதையைப் படமாக்கத் தீர்மானித்தார். ராக்கெட் பொய்யாகத் தெரியக்கூடாது என்பதற்காக ஹெர்மன் ஓபர்த் என்ற விஞ்ஞானியை யோசனை சொல்ல அழைத்தார். திரவ எரிபொருளால் ராக்கெட் வானத்தைத் தாண்டும் என்று 1923-லேயே புத்தகம் எழுதியவர் அவர்.

நம் ஊர்த் தேர் நிலையத்திலிருந்து புறப்படுவது போல, படத்தில் அந்த ராக்கெட் பெரிய கொட்டகையிலிருந்து நின்றபடியே தண்டவாளத்தில் நகர்ந்து வரும். கட்டம் கட்டமாக எரிந்து, எரிந்த பாகத்தைக் கழற்றிப் போடும். பிரயாணிகள் அழுத்தத்தைத் தாங்கப் படுத்துக்கொள்வார்கள்; எடை இல்லாமற் போனதும் காலைக் கோக்கத் தோல்வார் இருக்கும். பின்னாளில் நிஜமாகவே நடந்த பல காரியங்கள் இவை. கிளம்பும் விநாடியை ரசிகர்கள் படபடப்புடன் எதிர்பார்க்கவேண்டுமே என்று, எண்களை இறங்குவரிசையில் காட்டினார் லாங். அதுதான் அந்த எண்ணிக்கை.

சந்திரனின் தரைக்காக வண்டி வண்டியாகக் கடற்கரை மணலை ஸ்டூடியோவில் கொட்டினார்கள். கதையின் வசதிக்காகச் சந்திரனில் காற்று இருப்பதாகக் காட்டியது மட்டும் பிசகு.

விளம்பரத்துக்காக ஒரு நிஜ ராக்கெட்டும் விடுவதென்று ஓபர்த் முனைந்தார். பரீட்சையின்போது வெடித்துக் காயமடைந்ததுதான் மிச்சம். 1929 அக்டோபர் 15-ந் தேதி படம் வெளியானபோது நிஜ ராக்கெட் தயாராகவில்லை. பொம்மை ராக்கெட் திரையில் சந்திரனைச் சேர்ந்துவிட்டது!

பொம்மை பறிமுதல்

1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். லாங்கின் அடுத்த படம் தடை செய்யப்பட்டது. அவர் தாயார் யூத குலத்தில் பிறந்தவர். மனைவியோ நாஜிக் கட்சியின் பக்கம் சாய்ந்தார். விவாகரத்து ஆயிற்று. லாங் அந்த வருஷமே நாட்டை விட்டு வெளியேறி, பாரிஸ் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

ஓபர்த்துக்கு எடுபிடி வேலை செய்த வான் பிரௌன் என்ற இளைஞர் இதற்குள் ஜெர்மன் ராணுவத்துக்கு ராக்கெட் செய்யப் புகுந்துவிட்டார். லாங்கின் படத்தில் கண்டவை ராணுவ ரகசியத்தை ஒத்திருந்ததால், நாஜிகள் படத்தை முடக்கினார்கள். மாதிரி ராக்கெட்டுகளையும் பறித்துக்கொண்டார்கள். 1942 அக்டோபர் 3-ந் தேதி முதன்முதலாக வெற்றிகரமாகப் பறந்த அவர்களுடைய ராக்கெட்டின் அடிப்பாகத்தில், லாங்கின் சந்திரப் படத்தின் சின்னம் தீட்டப்பட்டிருந்தது.

அந்த ராக்கெட் சந்திரனுக்குப் போகவில்லை. லண்டன் மேல் விழுந்தது. பிரிட்டனில் மட்டும் சுமார் 2,700 பேர் மாண்டார்கள். அதைச் செய்யக் கைதிகளை வதைத்த டோரா முகாமில் மாண்டவர்கள் சுமார் 20,000 பேர். கனவு ஒருவருடையது, அதைக் கையாண்ட கை வேறொருவருடையது. அந்த வருஷங்களில் லாங் ஹாலிவுட்டில் நாஜிகளை எதிர்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்தியாவுக்கும் வந்தார்

1921-ல் தாமும் மனைவியும் எழுதிய ஓர் இந்தியக் கதையைப் படமாக்க லாங் ஆசைப்பட்டார். அந்த வாய்ப்பு வேறொரு டைரக்டருக்குப் போயிற்று. முப்பத்தேழு வருஷம் பொறுத்திருந்து, 1958-ல் உதயப்பூருக்கு வந்து அதே கதையைப் படம் பிடித்தார். 1960-க்குப் பிறகு படம் எடுக்கவில்லை. கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. 1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் இறங்கியபோது அவருக்கு வயது எழுபத்தெட்டு. 1976 ஆகஸ்டு 2-ந் தேதி காலமானார்.

அவருடைய யந்திரப் பெண்ணின் அசல் இன்று இல்லை. 1970-களில் முதுமையிலிருந்த அதே சிற்பி தம் கையாலேயே பாரிஸ் சினிமாக் காட்சிசாலைக்காக அதன் நகலைச் செய்து கொடுத்தார். மெட்ரோபோலிஸ் படத்தின் தொலைந்த பகுதிகளில் பெரும்பாலானவை 2008-ல் ஆர்ஜென்டினாவில் அகப்பட்டன.

தமிழ்நாட்டிலும் 1963-ல் ‘கலை அரசி’ படத்தில் வேற்றுக்கிரகத்தார் பறந்து வந்து பாடகியைத் தூக்கிப் போனார்கள். நிஜ வானத்திலோ, 2023 ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரயான் சந்திரனில் இறங்கிற்று. அதைச் சுமந்து சென்ற ராக்கெட்டின் மேல்கட்ட எஞ்சின் வகை மகேந்திரகிரியில் எரிந்து தேறியது. சந்திரத் தரையைப் போன்ற ஒரு தரையைப் பரீட்சைக்காக அமைக்க, நாமக்கல் பக்கத்துப் பாறையைப் பொடி செய்து கொண்டுபோனார்கள். லாங் ஸ்டூடியோவில் மணலைக் கொட்டினாரே, அதே வேலைதான்!

அம்பாசமுத்திரத்து மரச்செப்பில் மண்சோறு சமைத்து விளையாடும் சிறுமி, ஒருநாள் வீட்டுக்கே சமைத்துப் போடுகிறாள். பொம்மைதானே என்று எதையும் இளப்பமாக நினைக்கக்கூடாது. அது நாளைக்குச் சோறும் ஆக்கும், வீட்டையும் கொளுத்தும். எதற்கு அடுப்பு மூட்டுகிறோம் என்பதில் இருக்கிறது விஷயம்.