செடி வளர்வதை அளந்து காட்டிய ஜே.சி.போஸ்



போஸ் என்றதும் நம்ம பசங்களுக்கு நேதாஜிதான் ஞாபகத்துக்கு வருவார். நான் எழுதப் போவது இன்னொரு வங்காளத்து போஸ், விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸைப் பற்றி. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் படிக்கிற நாம் அவரைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணும்.

1858 நவம்பர் 30-ல் பிறந்தார். அப்பா பெரிய அரசாங்க அதிகாரி. ஆனாலும் மகனை இங்கிலீஷ் ஸ்கூலுக்கு அனுப்பாமல் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே மீனவர் மகனும் வீட்டு வேலைக்காரர் மகனும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள். அவர்கள் சொன்ன பறவை, மீன் கதைகளில்தான் போஸுக்கு இயற்கை மேல் ஆசை பிறந்தது.

1880-ல் டாக்டருக்குப் படிக்க லண்டன் போனார். காய்ச்சல் விடவில்லை. அதனால் கேம்பிரிட்ஜுக்கு மாறி விஞ்ஞானம் படித்தார். 1885-ல் கல்கத்தா பிரசிடென்ஸி கல்லூரியில் பேராசிரியர் ஆனார். ஒரே வேலை, ஆனால் வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம். போஸ் மூன்று வருஷம் சம்பளத்தையே தொடவில்லை. பாடம் மட்டும் ஒழுங்காக நடத்தினார். கடைசியில் முழுச் சம்பளமும் பாக்கியோடு கைக்கு வந்தது.

ஆராய்ச்சிக்கு வசதியான லேப் கிடையாது. ஒரு சின்ன அறையும், தகர வேலை தெரிந்த ஒரு தொழிலாளியும்தான் துணை. அதில் ரேடியோ அலை ஆராய்ச்சி செய்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். பிறகு செடிகள் பக்கம் திரும்பினார்.

அவர் செய்த கிரெஸ்கோகிராஃப் கருவியின் தத்துவம் நமக்குத் தெரிந்த நெம்புகோல்தான். செடியின் நுனியோடு இணைந்த முதல் நெம்புகோல் அசைவை 100 மடங்கு பெரிதாக்கும். அது தள்ளும் இரண்டாவது நெம்புகோல் இன்னொரு 100 மடங்கு. மொத்தம் 10,000 மடங்கு! புகை பூசிய கண்ணாடியில் புள்ளி புள்ளியாகப் பதியும். கண்ணுக்கே தெரியாத வளர்ச்சியைச் சில நொடிகளில் பார்த்துவிடலாம்.

சூடு ஏற ஏற வளர்ச்சி கூடும், ஒரு அளவைத் தாண்டினால் குறையும் என்று அதில் பதிவு செய்தார். கரியமில வாயுவைச் செலுத்தினால் முதலில் வேகம், நீடித்தால் சோர்வு. 1924-ல் ஒளிச்சேர்க்கை பற்றி நூல் வெளியிட்டார். ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி கோடையில் ஒரு விதமாகவும் குளிர்காலத்தில் வேறு விதமாகவும் இந்த வாயுவைப் பயன்படுத்துவதை அப்போதே கவனித்திருக்கிறார். செடிக்கும் நரம்பு உண்டு என்ற அவர் கருத்தைப் பல தாவரவியலார் ஏற்கவில்லை. ஆனால் கருவிகளின் நுட்பத்தை உலகமே பாராட்டியது.

1917-ல் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1920-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1937 நவம்பர் 23-ல் மறைந்தார்.

அவர் பிறந்தபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 285 பங்குதான் கரியமில வாயு. 2024-ல் அது 420-ஐத் தாண்டிவிட்டது. வாயு கூடினால் மரக்கன்றுக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். பாதி உண்மை. இலை அதிகமாகச் சர்க்கரை செய்யும், இலைத்துளை சுருங்கித் தண்ணீரும் மிச்சமாகும். ஆனால் மண்ணில் தழைச்சத்து இல்லாவிட்டால் அந்த லாபம் நிலைக்காது. வெயில் ஏறினால் சேர்த்த சர்க்கரை சுவாசத்திலேயே செலவாகும். பெரிய மரத்துக்கு ஆழத்தில் வேர் இருக்கிறது. கன்றுக்கு மேல்மண்தான் கதி. அது காய்ந்தால் கன்றும் போச்சு.

2016 டிசம்பரில் வர்தா புயல் தாம்பரத்திலும் வண்டலூரிலும் எத்தனை மரங்களைச் சாய்த்தது! அந்த இடத்தை நிரப்பக் கன்று நட்டுப் போட்டோ எடுத்தால் போதாது நண்பர்களே. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றணும், காய்ந்த சருகால் வேரை மூடணும். மாசம் ஒரு தடவை ஸ்கேல் வைத்து உயரத்தை அளந்து நோட்டில் குறிக்கணும்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். லேப் இல்லை, வசதி இல்லை என்று சொல்ல வாய் வரும்போதெல்லாம் அந்தச் சின்ன அறையையும் தகரத் தொழிலாளியையும் நினைத்துக்கொள்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் ஃபைல் பிடிக்கிற நம்ம கையாலும் நாளை ஒரு நல்ல கருவி பிறக்கட்டும்!