ஜிம் கார்பெட்: சொந்த ஊர்க் காட்டை நடந்தே படித்தவர்

ஜிம் கார்பெட் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது சஃபாரி ஜீப், ரிசார்ட், புலி. ஆனா அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர், வீட்டைச் சுற்றியிருந்த காட்டைக் கால்நடையாகவே அறிந்துகொண்ட மனிதர்.

யார் இவர்?

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875 ஜூலை 25 அன்று நைனிடாலில் பிறந்தார். அப்பா அந்த ஊர் போஸ்ட்மாஸ்டர். ஜிம் சிறுவனாக இருக்கும்போதே அவர் இறந்துவிட, பெரிய குடும்பத்தைக் கரைசேர்க்கும் பொறுப்பு அம்மா மேரி ஜேனுக்கு வந்தது. கோடையில் மலைமேல் நைனிடால், குளிர்காலத்தில் அடிவாரத்தில் உள்ள காலாடுங்கி என்று குடும்பம் வாழ்ந்தது. காலாடுங்கி வீட்டைத் தாண்டினால் காடுதான்.

காட்டை எப்படிக் கற்றார்?

அவருக்கு முதலில் கிடைத்தது ஒரு குழல் பிளந்துபோன பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. அதை எடுத்துக்கொண்டு சிறுவயதிலேயே தனியாகக் காட்டுக்குள் போவார். மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தே, போனது எந்த விலங்கு, எவ்வளவு வேகமாகப் போனது, எப்போது போனது என்று சொல்லப் பழகினார். புள்ளிமானும் மந்தியும் எச்சரிக்கைக் குரல் கொடுத்தால், சிறுத்தையோ புலியோ எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணிப்பார். குன்வர் சிங் என்ற உள்ளூர் வேட்டைக்காரரும் அவருக்கு ஒரு குரு.

வீக்கெண்டுக்கு ஒரு புது ட்ரெக் தேடுவது நம் பழக்கம். கார்பெட் அப்படியில்லை. அதே ஓடை, அதே ஒற்றையடிப் பாதையில் வருஷக்கணக்கில் நடந்தார். நேற்று இல்லாத ஒரு கீறல் இன்று மண்ணில் இருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது.

வேட்டைக்காரர் எப்படி மாறினார்?

பிழைப்புக்காக பீகாரில் கங்கைக் கரையில் உள்ள மொகாமே காட்டில் 20 ஆண்டுகளுக்கு மேல் ரயில்வே சரக்கு கையாளும் வேலை பார்த்தார். ஆனாலும் குமாவோன் மக்கள் ஆபத்தில் கூப்பிட்டால் வந்துவிடுவார். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907-ல் சுட்டார். கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைப் பாதையில் 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாக் சிறுத்தை 1926-ல் அவர் கையில் வீழ்ந்தது.

சுட்டதோடு அவர் நிற்கவில்லை. ஏன் இது மனிதரைத் தின்றது என்று விலங்கின் உடலை ஆராய்ந்தார். சம்பாவத் புலியின் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம்தான் காரணம். அதாவது, ஆட்கொல்லியை உருவாக்கியதிலும் மனிதனுக்குப் பங்கு இருந்தது.

1920-களில் கேமரா பக்கம் திரும்பினார். படம்பிடிக்கும் கருவியின் சத்தத்தில் புலி மிரளும் என்பதால், ஓடையில் சின்னச் சின்ன அணைகள் கட்டி, தண்ணீர் விழும் ஓசையில் அந்தச் சத்தத்தை மறைத்தார். அதே மனிதர்தான் வைஸ்ராய் லின்லித்கோவுக்குப் புலி வேட்டை ஏற்பாடு செய்தவரும்கூட. இந்த முரணையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

பூங்கா எப்படி வந்தது?

1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா ஹெய்லி என்ற பெயரில் உருவானது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் கார்பெட் முக்கியமானவர். அவர் மறைவுக்குப் பின், 1950-களில் அதற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கேதான்.

கடைசியில் என்ன ஆனது?

காலாடுங்கி அருகே சோட்டி ஹல்த்வானி கிராமத்தை வளர்த்தெடுத்தவர் அவர். காட்டுப்பன்றிகள் பயிரை அழிக்காமலிருக்க ஊரைச் சுற்றிக் கிட்டத்தட்ட 7 கி.மீ. நீளத்துக்குக் கல்சுவர் எழுப்பினார். 1947-ல் அக்கா மேகியுடன் கென்யாவுக்குப் போனார். 1955 ஏப்ரல் 19 அன்று அங்கே நியேரியில் இறந்தார். தன் ஊர்க் காட்டுக்கு அவர் திரும்பி வரவே இல்லை.

ஊர் நிலம் அதை உழுத குடும்பங்களுக்கே போனது. பூங்காவுக்குள் சுற்றுலாப் பயணிகள் இஷ்டப்படி நடக்க முடியாது, ஜீப்தான். ஆனா சோட்டி ஹல்த்வானியில் அவர் வீடு இன்று அருங்காட்சியகம். அங்கிருந்து வயல்கள் வழியாக, அந்தக் கல்சுவரை ஒட்டி யாரும் நடந்து பார்க்கலாம்.